மாதம்மாளுக்கு வந்த மணியார்டர்

போன மாதம் தருமபுரியில் வருவாய்த் துறைக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்குப் பயிற்சி வகுப்பு நடந்தது. ஓய்வு பெற்றவர்கள் இரண்டு மூன்று பேரைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் போயிருந்தேன். பட்டா மாறுதல், ஏரிப் புறம்போக்கு, எல்லைக்கல் தகராறு என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தபோது முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்தாள்.

"சார், உங்க காலத்துல உதவித்தொகையெல்லாம் மணியார்டர்ல போகுமாமே. இப்ப நாங்க பேங்க் அக்கவுண்ட்ல போட்டுடறோம். எனக்கு ஒரு சந்தேகம். ஏழைக் குடும்பத்துக்குக் காசாவே கையில கொடுக்கறது நல்லதா சார், கெட்டதா? நீங்க நேர்ல பாத்திருப்பீங்க இல்ல?"

சின்னக் கேள்விதான். "நல்லதுதாம்மா" என்று ஆரம்பித்தேன். அடுத்து "ஆனா" என்று ஒரு வார்த்தை தானாக வந்தது. நல்ல வேளையாக டீ வந்துவிட்டது. அந்தப் பெண்ணும் மறந்துவிட்டாள். எனக்குத்தான் மறக்கவில்லை. பஸ்ஸில் வரும்போதும், வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் மாதம்மாளின் முகமும் அவள் மாமியார் குப்பம்மாளின் முகமும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. அதனால்தான் இதை எழுதுகிறேன். எழுதினால் தெளிவாகும் என்று சொல்கிறார்கள். பார்க்கலாம்.

நான் இளநிலை உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தவன். சில வருடங்கள் தபால் பதிவு, சில வருடங்கள் வெயிலில் அளவுச் சங்கிலி இழுப்பு, கிராமக் கணக்குப் பயிற்சி, இரண்டு துறைத் தேர்வுகள். அதில் ஒன்றில் ஒரு முறை கோட்டைவிட்டேன். எண்பதுகளின் நடுவில் பாப்பிரெட்டிப்பட்டி பிர்க்காவுக்கு வருவாய் ஆய்வாளராகப் போட்டார்கள். ஜனங்கள் வாயில் 'ஆர்.ஐ. சார்'. என் கையில் ஒரு சைக்கிள், ஒரு ரெக்சின் பை. கிழக்கே சித்தேரி மலை. மலையடிவாரத்து ஊர்கள் பூராவும் என் பொறுப்பு.

மழை சரியாக இல்லாத வருடங்கள் அவை. கிணறுகள் அடி தெரிந்து கிடந்தன. ஆண்கள் கும்பல் கும்பலாகப் பெங்களூருக்குப் போனார்கள், கல் உடைக்க, கட்டட வேலைக்கு, கிணறு வெட்ட. சிலர் பண்டிகைக்குத் திரும்பி வந்தார்கள். சிலர் வரவேயில்லை. அந்தச் சமயத்தில்தான், முதியோர்களுக்கும் விதவைகளுக்கும் கொடுத்துவந்த மாதாந்திர உதவித்தொகையைப் புருசன் கைவிட்டுப் போன பெண்களுக்கும் கொடுக்கலாம் என்று உத்தரவு வந்தது. தொகை பெரியதில்லை. ஒரு சின்னக் குடும்பம் பத்து நாள் களி தின்னக் காணும். ஆனால் மாதா மாதம் தபால்காரர் வீடு தேடி வந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கையில் கொடுப்பார். அப்படிக் கூப்பிடப்படுவது அந்தப் பெண்களுக்குப் புதிது.

மனு கொடுத்தால் கிராம நிர்வாக அலுவலர் ஒரு அறிக்கை எழுதுவார். அதை வைத்துக்கொண்டு ஆர்.ஐ. நேரில் போய் விசாரிக்க வேண்டும். என் அறிக்கை அரூரில் இருந்த தாசில்தாருக்குப் போகும். உதவித்தொகைகளைப் பார்த்துக்கொண்ட அந்தத் தாசில்தார் பெயர் இப்ராஹிம். தருமபுரிக்காரர். அவருடைய அப்பா டவுனில் பெட்டி செய்கிற தச்சு வேலைக்காரர் என்று சொல்வார்கள். மெலிந்த ஆள், சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. நாம் எழுதிக் கொண்டுபோன அறிக்கையை நம்மை எதிரில் நிறுத்திவைத்து, அவரே எழுந்து நின்று, பள்ளிக்கூடப் பையன் மாதிரி சத்தமாகப் படிப்பார். எந்த ஏற்ற இறக்கமும் இருக்காது. நாம் கற்பனையில் எழுதிய வரி வந்தால் அது அவர் வாயிலேயே பொய் மாதிரி ஒலிக்கும். 'விசாரணையில் தெரிய வருகிறது' என்பது எங்கள் துறையின் வாடிக்கையான வாசகம். அது வந்த இடத்தில் நிறுத்திவிடுவார்.

"யாருக்குத் தெரிய வருது? உங்களுக்கா, எனக்கா? வாசல்ல நின்னு என்ன பாத்தீங்களோ அதை எழுதுங்க. யார் என்ன சொன்னாங்களோ அதை எழுதுங்க. தெரிய வர்றதெல்லாம் எழுதாதீங்க."

எப்படி விசாரிப்பது என்பதையும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். அவர்கள் ஓடிப்போய்க் கொண்டுவந்து போடும் கட்டிலில் உட்காராதே, உட்கார்ந்தால் விருந்தாளி ஆகிவிடுவாய். முதல் கேள்வியைக் கூட்டத்தில் நிற்கும் ஆம்பளையிடம் கேட்காதே, யாருக்குப் பணமோ அவளிடம் கேள். கொடியில் யார் துணி காய்கிறது பார். அடுப்பு எத்தனை எரிகிறது பார். எது கேட்டாலும் பிள்ளைகளிடம் மட்டும் கேட்காதே. "புள்ளைங்கள அம்மாவுக்கு எதிரா சாட்சி ஆக்கிட்டு நாம சைக்கிள் ஏறி வந்துருவோம். அதுங்க அங்கதானே இருக்கணும்" என்பார்.

ஒரு முறை மாவட்டத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது: பயனாளிகள் பணத்தை என்ன செய்கிறார்கள்? நான் ஊர் ஊராகக் கேட்டேன். ஒரு அம்மாள் வளையல் வாங்கியிருந்தாள். ஒருத்தி பேரனுக்கு மொட்டையடித்துக் காது குத்தியிருந்தாள். வெற்றிலைக் கடன் அடைத்தவர்கள் நிறைய. இதையெல்லாம் எழுதினால் மேலே என்ன நினைப்பார்களோ என்று இப்ராஹிம் சாரிடம் கேட்டேன். "உங்க சம்பளத்துல போன மாசம் என்ன வாங்கினீங்க?" என்றார். மனைவிக்கு ஒரு புடவை, எனக்கு ஒரு டிரான்சிஸ்டர். சொன்னேன். "அதை யாருக்கு எழுதிக் கொடுத்தீங்க?" என்று கேட்டுவிட்டு வேறு ஃபைலை எடுத்துக்கொண்டார். அது சரி என்றுதான் அன்று பட்டது. ஆனால் சம்பளமும் உதவியும் ஒன்றா என்று சைக்கிளில் வரும்போது யோசித்தேன்.

இன்னொரு கிழவர். இரண்டு மகன்கள் இருந்தும் கோவில் மண்டபத்தில் கிடந்தவர். பணம் வர ஆரம்பித்த பிறகு மூத்தவன் வந்து, "அப்பா எங்கூட்டுக்கு வாங்க" என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போனான். அடுத்த மாதம் இளையவன் வந்து சண்டை போட்டான். மாதத்தின் முதல் வாரம் அவருக்கு ராஜ மரியாதை. கடைசி வாரம் சுமார். நான் மனம் பொறுக்காமல், "ஏன் பெரியவரே, இது பாசமா காசா?" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "எதுவா இருந்தா என்ன சாமி, களி சுடச்சுட இருக்குது" என்றார்.

இப்படிச் சின்னச் சின்னக் குழப்பங்கள் பழகிப்போயிருந்த நேரத்தில்தான் மாதம்மாளின் விவகாரம் வந்தது.

மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். மாதம்மாளுக்கு அப்போது முப்பது வயதுக்குள் இருக்கும். இரண்டு பெண் குழந்தைகள். புருசன் முருகேசன் கிணறு வெட்டுகிற ஆள். சின்னது கைக்குழந்தையாக இருக்கும்போது பெங்களூருக்குக் கல் குவாரி வேலைக்குப் போனவன். ஒரு கடுதாசி இல்லை, காசு இல்லை. அங்கே வேறொருத்தியோடு இருக்கிறான் என்று ஊரில் பேச்சு. மாதம்மாள் பிறந்த வீட்டுக்குப் போகாமல் அவனுடைய அம்மா குப்பம்மாளோடு அந்த ஓட்டு வீட்டிலேயே இருந்தாள். மாமியாரும் மருமகளும் புளி சீசனில் புளி தட்டப் போவார்கள். மற்ற நாட்களில் மேட்டுக்காட்டுப் பண்ணையில் சாணி அள்ளி, களை எடுத்து, வாங்கிய முன்பணத்துக்குக் கழித்துக்கொண்டிருந்தார்கள். அந்த முன்பணம் தீரவே தீராது.

நான் விசாரித்தேன், பரிந்துரைத்தேன், பணம் வந்தது. முதல் வருடத்தில் நான் பார்த்த மாறுதல்களைச் சொல்கிறேன். அந்தப் பணத்தால் வயிறு நிறைந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாதாமாதம் வரும் என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டது. மளிகைக் கடைக்காரர் அவளுக்குக் கடன் கொடுத்தார். கடன் கிடைத்ததால் பண்ணையில் முன்பணம் வாங்குவதை நிறுத்தினாள். முன்பணம் இல்லாததால் விடிவதற்கு முன்னால் ஓடிப்போய்ச் சாணி அள்ள வேண்டியதில்லை. இஷ்டமிருந்தால் கூலிக்குப் போவாள், இல்லையென்றால் இல்லை. பெரிய பெண் ஆடு மேய்ப்பதை விட்டுப் பள்ளிக்கூடம் போனாள். பண்ணைக்காரர் என்னைப் பார்த்து, "கவர்மெண்டு காசு கொடுத்து ஆளுங்கள சோம்பேறி ஆக்கறீங்க சார்" என்றார். மாதம்மாள் சோம்பேறியாக இருந்து நான் பார்த்ததில்லை. ஆனால் நிமிர்ந்து நடந்தாள். அது அவருக்கு அப்படித் தெரிந்திருக்கலாம்.

ஒரு நாள் மத்தியானம் பாப்பிரெட்டிப்பட்டியில் என் ஆபீஸ் வாசலில் மாதம்மாள் வந்து நின்றாள். செருப்பில்லாத கால் பூராவும் செம்மண்.

"என்னம்மா, பணம் வரலையா?"

"வந்துச்சுங்க சார். நீங்க ஒருக்கா எங்கூட்டுக்கு வரணும். வந்து என்னைய விசாரிக்கணும்."

என் சர்வீஸில் விசாரணைக்குப் பயந்து ஒளிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். விசாரிக்க வாருங்கள் என்று நடந்து வந்து கேட்ட ஒரே ஆள் அவள்தான். உட்காரச் சொல்லி விவரம் கேட்டேன்.

முருகேசன் திரும்பி வந்துவிட்டான். ஒரு சாயங்காலம் வந்து வாசலில் நின்றானாம். ஆள் பாதியாகி, இருமிக்கொண்டு. குவாரித் தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது, அங்கே இருந்தவள் துரத்திவிட்டாள். குப்பம்மாள் மகனைக் கட்டிப் பிடித்து அழுதாள். மாட்டுக் கொட்டாயில் சாக்கு விரித்துப் படுக்க வைத்தார்கள். மாதம்மாள் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு மட்டும் போட்டாள்.

"புருசன் வந்துட்டா காசு நின்னுரும்னு அன்னைக்கு நீங்க சொன்னீங்களே சார். அதை வந்து எங்கூட்ல சொல்லுங்க. சத்தமா சொல்லுங்க. எங்கத்தை காதுல வுழணும்."

"நீயே சொல்லலாமேம்மா."

"நான் சொன்னா நான் தொரத்துன மாதிரி ஆயிரும் சார். நாளைக்கு எம் புள்ளைங்க கேக்கும். சர்க்கார் சொன்னா யாரும் ஒண்ணியும் சொல்ல முடியாது."

"அப்ப அவர் போகணும்னு நினைக்கிறியா?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்க வந்து சொல்லுங்க" என்று மட்டும் மறுபடி சொன்னாள்.

அரூருக்குப் போனபோது இப்ராஹிம் சாரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார். "தெரிஞ்ச பிறகு போகாம இருக்க முடியாது. போங்க. விதியைப் படிங்க. அதுக்கு மேல உங்க வாயால ஒரு வார்த்தை பேசாதீங்க" என்றார்.

கிராம நிர்வாக அலுவலரையும் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் குப்பம்மாள் கால் நீட்டி உட்கார்ந்து கல்லால் புளியைத் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும், காய்ந்த விறகு மாதிரி உடம்பு. கொட்டாயில் முருகேசன் எழுந்து உட்கார்ந்தான். கிணறு வெட்டின தோள்கள் எலும்பாக நின்றன. என்னைப் பார்த்துக் கும்பிட்டான். மாதம்மாள் வீட்டுச் சுவரோரம் நின்றாள், எங்களைப் பார்க்கவில்லை. அக்கம்பக்கத்தார் வேலியோரம் கூடிவிட்டார்கள்.

வழக்கம் போல மாதம்மாளிடம் முதலில் கேட்டேன். "ஏம்மா, இவர் உன் வீட்டுக்காரர் தானா?"

"நீங்களே சொல்லுங்க சார். அவரு வந்துட்டாரு. எனக்கு வரல."

இதை எப்படி எழுதுவது? நான் விதியைப் படித்தேன். புருசன் திரும்பி வந்து குடும்பத்தோடு சேர்ந்து வாழ்ந்தால் உதவித்தொகை நிறுத்தப்படும். அவள் கேட்ட மாதிரியே சத்தமாகப் படித்தேன்.

குப்பம்மாள் கல்லைக் கீழே வைத்தாள். "சாமி, சேந்துன்னா?"

"ஒரே வீட்டுல இருந்தா."

"அவன் கொட்டாயில படுக்கறானுங்க."

"சாப்பாடு?"

"ஒரே உலைதானுங்க. நோவாளிக்குத் தனியாவா பொங்குவாங்க?"

மேலே ஒரு வார்த்தை பேசாதே என்று எனக்கு உத்தரவு. குப்பம்மாள் மகனைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்து பையோடு நின்ற பெரிய பேத்தியைப் பார்த்தாள். "ரெண்டுல ஒண்ணுதானா சாமி?" என்று என்னைக் கேட்டாள்.

"விதி அப்படித்தாம்மா இருக்கு."

எழுந்தாள். தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவினாள். கொட்டாய்க்குள் போய் அவனுடைய போர்வையைச் சுருட்டி, பையில் வைத்து, அவன் முன்னால் வைத்தாள்.

"முருகேசா, எந்திரிடா."

"அம்மா..."

"நீ போனப்ப ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனியா? இந்த வூட்ல நாலு பொம்பளைங்க என்ன தின்னோம்னு உனக்குத் தெரியுமா? இன்னைக்குத்தான் கடைக்காரன் எங்கள நம்பி ஒரு படி ராகி குடுக்கறான். அந்தக் காசு இவளுக்கு வருது. இவ எனக்குக் கஞ்சி ஊத்தறா. நீ இருந்தா உனக்கும் இல்ல, எங்களுக்கும் இல்ல. தர்மபுரி ஆஸ்பத்திரில போயிப் படு. போ."

அவன் மாதம்மாளைப் பார்த்தான். அவள் மலைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் மெதுவாகப் பையை எடுத்துக்கொண்டு, வேலியோரம் நின்றவர்கள் வழிவிட, ரோட்டுப் பக்கம் நடந்தான். இருமல் சத்தம் கொஞ்ச தூரம் வரை கேட்டது.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மாதம்மாள் கேட்டது நடந்துவிட்டது. ஆனால் அவன் தலை மறைந்ததும் அவள் திரும்பி மாமியார் மேல் பாய்ந்தாள்.

"பெத்தவ தானா நீ? நடக்க முடியாத மனுசன தொரத்தறியே! பெத்த வயிறு எரியலையா உனக்கு?"

குப்பம்மாள் மறுபடி உட்கார்ந்து கல்லை எடுத்துப் புளியைத் தட்ட ஆரம்பித்தாள். மாதம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்க ஏன் சார் அப்படிப் படிச்சீங்க?"

அவள் சொல்லித்தான் படித்தேன். அதைக் கூட்டத்தின் முன்னால் சொல்லவா முடியும்? நான் வாயைத் திறப்பதற்குள் அவள் உள்ளே ஓடி ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் ஓடினாள். தண்ணீரா கஞ்சியா தெரியாது. கிராம நிர்வாக அலுவலர் என் காதருகில், "சார், இப்ப இவங்க சேந்து இருக்காங்களா, இல்லையா?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. அவருக்கும் புரியவில்லை.

அறிக்கையில் பார்த்ததை மட்டும் எழுதினேன். நான் போனபோது கணவர் இருந்தார். மாமியார் அவரைப் போகச் சொன்னார். நான் புறப்படும்போது அவர் அங்கு இல்லை. இப்ராஹிம் சார் எழுந்து நின்று அதைப் படித்தார். அந்தக் குரலில் கேட்கும்போது எல்லாம் உண்மையாகத்தான் இருந்தது. 'தொடரலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"சரியா சார் இது?" என்றேன்.

"சரியான்னு கேக்கறீங்களா, விதிப்படியான்னு கேக்கறீங்களா?"

"சரியான்னுதான் சார்."

"எனக்குத் தெரியல" என்றார். மத்தியான லுகர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று கை கால் கழுவப் போய்விட்டார். அவரே தெரியவில்லை என்று சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்ததா, இன்னும் பயமாக இருந்ததா என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.

சில வாரம் கழித்துத் தருமபுரி பஸ் ஸ்டாண்டில் குப்பம்மாளைப் பார்த்தேன். கையில் தூக்குப் பாத்திரம்.

"எங்கம்மா இந்தப் பக்கம்?"

"ஆஸ்பத்திரிக்குங்க சாமி. எம் புள்ளைக்குக் கஞ்சி கொண்டாந்தேன். ஒரு நாளு நான் வர்றேன், ஒரு நாளு மாதம்மா வர்றா."

"பஸ் சார்ஜுக்கு?"

"அதே காசுதாங்க" என்று சிரித்தாள். வீட்டில் வைத்துக் கஞ்சி ஊற்றினால் நிற்கிற பணம், நாற்பது கிலோமீட்டர் தள்ளி வைத்து ஊற்றினால் நிற்காது. அவள் விதியை என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டிருந்தாளா, இல்லை எனக்குத்தான் ஒன்றும் புரியவில்லையா?

முருகேசன் கொஞ்சம் தேறினான். அந்த உடம்பை வைத்துக்கொண்டு மண் வேலைக்குப் போக முடியாது. பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டில் ஒரு மண்டிக்காரர் கூடைகளைப் பார்த்துக்கொள்ள வைத்துக்கொண்டார். அங்கேயே படுக்கை. அதற்கப்புறம் நடந்ததைத் தபால்காரர் கோவிந்தன்தான் என்னிடம் சொன்னார்.

"சார், அந்த மாதம்மாளுக்கு இப்ப ரெண்டு மணியார்டர் வருது. ஒண்ணு உங்க ஆபீஸ்து. இன்னொண்ணு பாலக்கோட்டுலருந்து, வூட்டுக்காரரு அனுப்பறது. அரசாங்கத்து காச வாங்கிக்குது. புருசன் காச வாங்க மாட்டேங்குது. திருப்பி அனுப்புங்கன்னுது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புருசன் பணம் அனுப்பினால் அவள் எப்படிக் கைவிடப்பட்டவள்? அனுப்பினதை அவள் வாங்கவில்லை என்றால்? ஆண்டுத் தணிக்கைக்குப் போனபோது அவளிடமே கேட்டேன். அரசாங்கப் பணத்தை இழக்கப் பயந்துதான் திருப்புகிறாள் என்று நினைத்திருந்தேன்.

"அது இல்லீங்க சார். அவரு அனுப்பறது இதைவிட ஜாஸ்திதான். சர்க்கார் வருசத்துக்கு ஒருக்கா வந்து என்னைய கேள்வி கேக்குது. அவரு காச வாங்கினா தினமும் கேக்கலாம்."

குப்பம்மாளுக்குத் தாங்கவில்லை. "வர்ற மகாலட்சுமிய எட்டி ஒதைக்கறா பாருங்க சாமி" என்று என்னிடம் பிராது சொன்னாள். பிறகு மகனுக்குச் சொல்லி அனுப்பி அந்தப் பணத்தைத் தன் பெயருக்கு வர வைத்தாள். அதில் அரிசி வாங்கினாள். அந்த அரிசி அதே அடுப்பில்தான் வெந்தது. மாதம்மாள்தான் பொங்கினாள், அவளும் சாப்பிட்டாள். நான் பார்த்தேன், அடுப்பு ஒன்று, உலை ஒன்று. மகன் தாய்க்கு அனுப்புகிறான், மனைவிக்கு அல்ல என்று எழுதினேன். எழுதியதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

எண்பதுகள் முடியும் தறுவாயில் ஒரு மழைக்காலத்தில் முருகேசன் பாலக்கோட்டிலேயே இறந்துபோனான். மண்டிக்காரர் தக்காளி ஏற்றுகிற வண்டியிலேயே ஊருக்கு அனுப்பி வைத்தார் என்று கேள்விப்பட்டேன். இப்ராஹிம் சார் அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார். நான் இன்னும் அதே பிர்க்காவில் இருந்தேன்.

காரியம் முடிந்து கொஞ்ச நாளில் மாதம்மாள் ஆபீசுக்கு வந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. கையில் இறப்புச் சான்று.

"சார், என் பேர மாத்தணும்."

"என்ன பேர்?"

"கைவுட்ட பொம்பளைக்குக் குடுக்கற காசுன்னு வருது இல்ல? அதை விதவைன்னு மாத்திக் குடுங்க."

அவள் நல்லதுக்காக எடுத்துச் சொன்னேன். "இதப் பாரும்மா, ரெண்டுக்கும் ஒரே தொகைதான். ஒரு பைசாகூட ஏறாது. மாத்தணும்னா பழசை நிறுத்தணும், புதுசா மனு வாங்கணும், உத்தரவு வரணும். மாசக்கணக்குல ஆகும். அதுவரைக்கும் காசு வராது. நான் கண்டுக்காம விட்டுடறேன், நீ இப்படியே வாங்கிட்டுப் போ."

"நிக்கட்டும் சார்."

"கடைக்காரர் கடன் கொடுப்பாரா?"

"குடுத்தாக் குடுக்கட்டும். இல்லாட்டிப் பண்ணைக்குப் போறேன். புளி சீசன் வருது."

எனக்குக் கோபம்கூட வந்தது. எந்தப் பணத்துக்காக அந்த மனுசன் வீட்டை விட்டுப் போனானோ அந்தப் பணத்தை இவள் இப்போது நிற்கட்டும் என்கிறாள். "அவர் உயிரோட இருந்து அனுப்பின காசையே வேண்டாம்னு திருப்பினவ நீ. இப்ப எதுக்கும்மா இது?"

"அது காசு சார். இது பேரு." இறப்புச் சான்றை என் மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னாள்: "கைவுட்டவரு செத்தாருன்னு எழுதாதீங்க. எம் புருசன் செத்தாருன்னு எழுதுங்க."

எழுதினேன். பணம் நின்றது. குப்பம்மாள் ஊரெல்லாம் மருமகளைத் திட்டிக்கொண்டு அவளோடு சேர்ந்தே புளி தட்டப் போனாள். பெரிய பெண் பள்ளிக்கூடத்துக்குப் பாதி நாள் போனாள், பாதி நாள் போகவில்லை. கோடை வெயில் ஏறின பிறகுதான் உத்தரவு வந்தது.

புதிய மணியார்டரைக் கொண்டுபோய்க் கொடுத்த கோவிந்தனிடம், என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல சார். சீட்டுல என்ன எழுதியிருக்குன்னு படிக்கச் சொல்லுச்சு. படிச்சேன். இன்னொருக்கா படிங்கன்னுச்சு. படிச்சேன். அப்புறம் சீட்டை எங்கிட்டருந்து வாங்கி மடிச்சு இடுப்புல சொருகிக்கிச்சு. காசை அத்தைகிட்ட குடுங்கன்னுட்டு உள்ள போயிருச்சு."